பெயர் எழுதும் கட்டம்

போன மாதம் ஒரு பின்னேரம் என் பேத்தி ஸ்கூட்டியை மாமரத்தடியில் விட்டுவிட்டு, காலில் வயல் சேறு காய்ந்தும் காயாமலும் வந்து என் பக்கத்தில் குந்தினாள். வந்தாறுமூலையில் பட்டம் முடித்த பிள்ளை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், அவளுடைய தாய் சீதனமாக எழுதிக் கொடுத்த இரண்டு ஏக்கர் வயலை இரண்டு வருசமாக அவளே நின்று வெள்ளாமை செய்விக்கிறாள். அன்றைக்கு முகம் மலர்ந்திருந்தது.

“அம்மம்மா, இந்த முறை விவசாய அமைப்புக்கு என்னைச் செயலாளராப் போடப்போறாங்களாம்.”

“நல்லது புள்ள. மறுகா ஆராம் தலைவர்?”

சொன்னாள். நான் நினைத்த ஆள்தான். போன தடவையும் அவர்தான், அதற்கு முன்னர் அவருடைய மாமன்.

“உன்னை ஏனாம் செயலாளராப் போடுறாங்க?”

“என்ர எழுத்து வடிவாம். கம்பியூட்டரும் தெரியும்தானே.”

நான் எழும்பி உள்ளே போனேன். றங்குப் பெட்டிக்குள், சீலைகளுக்கு அடியில், நாலு சீ.ஆர். கொப்பிகள் கிடந்தன. நான் 22 வருசம் இந்த ஊரின் மூன்று சங்கங்களுக்குச் செயலாளராக இருந்தவள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம். சங்கத்துக் கொப்பியில் ஏற்றுவதற்கு முன்னர் நான் எழுதிப் பார்த்த கூட்டறிக்கைகள் அவை. கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று வருகிற இடங்களில் எல்லாம் பொம்புளைப் பெயர் எத்தனை இருக்கிறது என்று எண்ணிச் சொல் என்றேன்.

விளக்கு வைக்கும் நேரம்வரை எண்ணினாள். ‘சமூகமளித்தோர்’ பட்டியலில் எங்கள் பெயர்கள் வரிசையாக இருந்தன, பல கூட்டங்களில் ஆண்களைவிடக் கூடுதலாகவே. கிறவல் வீதி எந்த ஒழுங்கைக்குப் போடுவது, பொதுக்கிணறு எங்கே வெட்டுவது, வந்த காசை எதற்குச் செலவழிப்பது என்ற இடங்களில் ஒன்றுமில்லை. நாலு கொப்பியிலும் ஏழே ஏழு இடத்தில் ஒரு பெண் எதையோ சொல்லியிருந்தாள். அதில் ஐந்து நன்றியுரை. ஒன்று கூட்டத்துக்குத் தேத்தண்ணி கொடுப்பது பற்றியது. மற்றது வாசிகசாலைக்குப் பூட்டு வாங்குவது.

அத்தனை பக்கமும் என் வடிவான எழுத்து.

பிள்ளைகளே, எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பேத்தியிடம் அன்றிரவு சொன்னதை உங்களிடமும் சொல்லிவிட வேண்டும்போல் இருக்கிறது. அவள் முதலில் என்னோடு வாதாடினாள். நீங்களும் அதையேதான் கேட்பீர்கள். “எங்கட பக்கத்தில வீடு வளவெல்லாம் பொம்புளைக்குத்தானே. இந்தச் சமத்துவக் கதையெல்லாம் மற்ற ஊருக்குத்தானே அம்மம்மா?”

வீடு பெண்ணுக்குத்தான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மகள் குமராகும்போதே தாய்தகப்பனுக்கு வீட்டு யோசனை வந்துவிடும். மூத்தவள் கலியாணம் முடித்தால் இருக்கிற வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் பின்னால் ஒரு சின்ன வீட்டைப் போட்டுப் பெற்றோர் ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு அடுத்த வீடு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். குடி என்கிற வம்சமும் தாயால் வருகிறது. ‘நீ என்ன குடி?’ என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்வோம். ‘வயித்துவார்’ என்று ஒரு சொல்லே எங்களிடம் இருக்கிறது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் சகோதரிகளிடமும் இதே வழக்கம்தான். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் வந்திருந்து இதையெல்லாம் பல வருசம் ஆராய்ந்து 2008-இல் பெரிய புத்தகமாகவே எழுதினார்.

அந்த வீட்டின் பலனை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். குடித்துவிட்டு வந்து கத்துகிற மனிசனைப் பார்த்து, “இது என்ர வீடு, விடியமட்டும் வெளியில படு” என்று சொல்லிப் படலையைச் சாத்திய பெண்கள் எங்கள் ஒழுங்கையில் இருந்தார்கள். அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த நாள் காலையில் அதே முற்றத்தைக் கூட்டலாம். புகுந்த வீட்டில் சீவிக்கிற பெண்ணுக்கு அது முடியாது. அவள் வெளியே போக இடம் தேட வேண்டும்.

ஆனால் அதே வழக்கத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். கோயிலை நிர்வகிக்க எங்கள் குடிக்கு ஒரு வண்ணக்கர் இருப்பார். குடி தாயால் வருகிறது, வண்ணக்கர் பட்டம் மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகிறது. தாய்தான் வழி, ஆனால் அவள் வண்ணக்கர் ஆவதில்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு வருகிறது. மதுரையையே எரித்த ஒரு பெண்ணை அம்மனாகக் கொண்டாடுகிறோம். நெல்லுக் குத்துவது, பொங்கல் பானை சுமப்பது எல்லாம் நாங்கள். குடிக்குரிய காளாஞ்சியை நீட்டும்போது வாங்குகிற கை ஆணின் கை. மண்முனையை உலகநாச்சி என்ற அரசி ஆண்டாள் என்று ‘மட்டக்களப்பு மான்மியம்’ சொல்கிறது. அவள் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற சபைகளில் ஒரு பெண்ணுக்கு ஒரு கதிரை கிடைப்பதில்லை.

எங்கள் பகுதியின் பழைய முக்குவர் சட்டத்திலும் இதே கதைதான். முதுசச் சொத்து தாய்வழியாகத்தான் இறங்கும். இறங்கிப் போய்ச் சேருவது சகோதரியின் ஆண்பிள்ளைகளிடம். பிரிட்டோ என்பவர் 1876-இல் அந்தச் சட்டத்தைப் புத்தகமாக எழுதிவைத்தார், அதே வருசம் வந்த புதிய வாரிசுரிமைச் சட்டத்தோடு அது வழக்கொழியத் தொடங்கியது. நான் அதை நினைக்கும்போதெல்லாம் வயல்தான் ஞாபகம் வரும். வாய்க்கால் வழியாகத்தான் தண்ணீர் போகிறது. தண்ணீர் வாய்க்காலுக்கு உரியதில்லை.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். எங்கள் ஊர் கல்லாற்றுப் பக்கம். ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மணல். என் வீடு வாவிக்கரைப் பக்கம், தங்கச்சியின் வீடு கடற்கரைப் பக்கம். இரண்டும் அம்மா கட்டித் தந்தவை. தங்கச்சியின் வீட்டில் அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் மட்டும் மிஞ்சின. அவளும் மச்சானும் பிள்ளைகளும் உயிர் தப்பினார்கள். அன்று கரையோரத்தில் பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாகச் செத்தார்கள். பிள்ளையைக் கையில் பிடித்திருந்தவர்கள், சீலை காலில் சுற்றியவர்கள், நீந்தத் தெரியாதவர்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் பிறந்து வளர்ந்த பெண்களுக்கு நீந்தத் தெரியாது என்பதை அதற்கு முன்னர் ஒருநாளும் நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. 56 கிலோமீற்றர் நீளமான வாவி. பெடியன்கள் அதில் குதித்து விளையாட, நாங்கள் கரையில் நின்று சட்டை காவல் காத்தோம். தென்னையில் ஏறித் தப்பியவர்களும் பெடியன்கள்தான். உங்கள் மகள்மாருக்கு நீந்தப் பழக்குங்கள். இதை விளக்கம் கேட்காமல் செய்யுங்கள்.

சில கிழமைக்குப் பின்னர் வீட்டுத் திட்டத்துக்குப் படிவம் வந்தது. நான் படிப்பித்த பாடசாலையில் அகதிகள் இருந்தார்கள், பாடமில்லை. டீச்சரின் எழுத்து வடிவு என்று சொல்லி ஒரு வாங்கையும் மேசையையும் மரத்தடியில் போட்டு என்னை இருத்தினார்கள். வரிசை படலைவரை நின்றது. படிவத்தில் முதல் கட்டம்: குடும்பத் தலைவரின் பெயர்.

நான் கேட்கவேயில்லை. வந்த பெண்ணிடம் “மனிசன்ர பேர் என்ன?” என்று கேட்டு எழுதிக்கொண்டே போனேன். அன்றைக்கு மட்டும் நாற்பது படிவமாவது நிரப்பியிருப்பேன். எல்லாம் பெண்கள் சீதனமாக வைத்திருந்த வீடுகள். தண்ணியில் போனது பெண்ணின் வீடு, அதற்குப் பதிலாக வரும் வீடு ஆணின் பெயரில். தங்கச்சி ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு மச்சானுக்குப் பின்னால் நின்றாள். என் கூடப்பிறந்தவளின் முகத்தைக்கூட நிமிர்ந்து பாராமல் மச்சானின் பெயரை எழுதினேன். வரிசையில் ஒரு விதவைப் பெண் வந்தாள். “டீச்சர், எனக்கு மனிசன் இல்ல. இதில ஆர்ர பேர எழுதுவீங்க?” என்று கேட்டாள். பக்கத்தில் 19 வயது மகன் நின்றான். அவன் பெயரை எழுதினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெருவிரலைத் துடைத்துவிட்டுப் போனாள்.

ஒருவரும் என்னை அப்படி எழுதச் சொல்லி வற்புறுத்தவில்லை. படிவத்தில் அப்படித்தான் இருந்தது, என் தலைக்குள்ளும் அப்படித்தான் இருந்தது.

மச்சான் நல்ல மனிசன். அதனால் ஒரு பயமும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நல்ல மனிசருக்கும் நெஞ்சுவலி வரும். 2011-இல் அவர் போய்விட்டார். அரச காணியில் கட்டிய வீடு, பத்திரம் அவர் பெயரில். தங்கச்சி ஆறு வருசம் அலுவலகங்களுக்கு நடந்தாள். இடையில் மகளுக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். தாய் தனக்குத் தந்ததுபோல வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுக்க அவளால் முடியவில்லை. எழுதிக்கொடுக்க வீடு அவளுடையதாக இருக்க வேண்டுமே. எங்கள் அம்மம்மா காலத்திலிருந்து அறுபடாமல் வந்த ஒரு வழி, நான் பேனை பிடித்த ஒரு கட்டத்தில் அறுந்தது.

நான் படிவம் நிரப்பிய அதே நாட்களில் மட்டக்களப்பில் பெண்கள் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து, சுனாமி வீடுகளைப் பெண்களின் பெயரில் அல்லது இருவரின் பெயரிலும் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பத்திரிகையில் வாசித்தேன். அவர்களோடு போய் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகள் கண்டதை நான் காணவில்லை.

அதற்குப் பின்னர்தான் நான் சட்டம் வாசிக்கத் தொடங்கினேன். வயது போனபின் படித்தது, ஆனால் மனதில் நின்றது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததிலிருந்தே எங்கள் பகுதியில் கலியாணம் முடித்த ஒரு பெண் தன் பெயரிலுள்ள காணியைப் புருசனைக் கேட்காமல் விற்கலாம், ஈடுவைக்கலாம், கொடுக்கலாம். தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணப் பெண் தன் சொந்தக் காணியை விற்கப் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இந்த வித்தியாசம் எங்கள் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நொத்தாரிசு வீட்டில் “அவரையும் கூட்டிவாங்க” என்றால் கூட்டிக்கொண்டு போகிறோம்.

பெர்மிட் காணியின் கதை வேறு. குடியேற்றத் திட்டங்களில் வயல் வாங்கிய குடும்பங்களுக்கு 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்தான். பெர்மிட்காரர் பின்னுரித்தாளியின் பெயரைக் குறிக்காமல் செத்தால் காணி யாருக்கு என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. பெண்பிள்ளைக்கு முன் ஆண்பிள்ளை, இளையவனுக்கு முன் மூத்தவன். தாய்க்கும் தகப்பனுக்கும் பக்கத்தில் நின்று நாற்று நட்ட மகள் ஒதுங்க, கொழும்பில் கடையில் நிற்கிற அண்ணனுக்குப் போகும். இந்த ஆண்முதன்மையை எடுக்க 2022 ஆகிற்று. 87 வருசம். சட்டம் மாறியது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பெர்மிட்டில் பின்னுரித்தாளி என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வெறுமையாகக் கிடந்தால் பிரதேச செயலகத்தில் போய்ப் பதியுங்கள்.

என் காத்தான்குடிச் சிநேகிதி, அவளும் ஓய்வுபெற்ற டீச்சர், ஒருமுறை சொன்னாள்: “உங்களுக்கு வீட்டுப் பத்திரம், எங்களுக்குக் காவின் பத்திரம்.” காவின் என்றால் கலியாணப் பதிவு. 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணப்பெண்ணின் கையெழுத்து கட்டாயமில்லை, அவளுக்காக ‘வலி’ எனப்படும் ஆண் பாதுகாவலர் கையெழுத்திடுவார். காதி நீதிபதியாக ஒரு பெண் இருக்கவும் முடியாது. அதை மாற்றச் சொல்லி முஸ்லிம் பெண்களே பல காலமாகக் கேட்டுவருகிறார்கள். ஒரே வாவிக்கரையில், ஒரே தாய்வழிக் குடிமுறைக்குள், இரண்டு சமூகத்திலும் குறை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: அவளுடைய வாழ்க்கைப் பத்திரத்தில் அவளுடைய கை இல்லை.

பெண்ணின் பெயரைத் தேடிவந்து எழுதிய ஒரு பத்திரமும் இருந்தது. லோன் படிவம். யுத்தம் முடிந்தபின் நுண்கடன் கொம்பனிகள் மோட்டார் சைக்கிளில் ஊரூராக வந்தன. ஐந்து பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு மற்றவர்களைப் பிணை வைத்து, கிழமைக்குக் கிழமை கட்டச் சொன்னார்கள். குடும்பத் தலைவர் எங்கே என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஒரு லோனைக் கட்ட இன்னொரு லோன், தோட்டை அடகுவைப்பது, பிறகு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே பின்வாசலால் வெளியேறுவது. 2018-இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்கவேண்டிய அளவுக்கு அது முற்றியிருந்தது. வீட்டுக்கு ஆண் பெயர், கடனுக்குப் பெண் பெயர் என்றால் அதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. கடன் எடுக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயலோ கறவை மாடோ கடையோ முதலில் உன் பெயரில் இருக்கட்டும், அதற்குப்பின் கடனில் உன் பெயரை எழுது.

யுத்த காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். 1986-இல் ஆயுத இயக்கங்கள் ஒன்றையொன்று அழிக்க எழுந்தபோது கிழக்கின் அன்னையர் முன்னணித் தாய்மார் உலக்கையோடு வீதியில் இறங்கினார்கள். 1990 செப்டம்பர் 5-ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமிருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. திரும்பி வரவில்லை. என் பேத்தி மூன்று வருசம் படிக்கப்போன வளவு அது. அதற்குப் பின்னர் முகாம் முகாமாக அலைந்தது பெண்கள். வாவியைக் கடந்து போய் வயலைச் செய்தது பெண்கள். ஆண்கள் வெளியில் தலைகாட்ட முடியாத நாட்களில் செத்தவர்களைப் புதைத்ததும் சில இடங்களில் பெண்கள்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உருவான சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையமும், அவர்கள் கொண்டுவந்த ‘பெண்’ சஞ்சிகையும், பேராசிரியர் சித்திரலேகா மௌனகுரு போன்றவர்களின் எழுத்தும் அந்தக் காலத்தில்தான் எங்கள் கைக்கு எட்டின. ஊரைத் தூக்கி நிறுத்தியவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். வெடிச்சத்தம் நின்றதும் சங்கங்கள் திரும்பத் தொடங்கின, கதிரைகள் வந்தன, முன்வரிசையில் ஆண்கள் இருந்தார்கள். நாங்கள் பாயை விரித்து இருந்தோம். எழுந்து நில் என்று எங்களுக்கு நாங்களே சொல்லவில்லை. என் தலைமுறையின் பெரிய நட்டம் அது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பரீட்சை எழுதி ஏறுகிற ஏணியில் எங்கள் பெண்கள் நன்றாகவே ஏறினார்கள். கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு, நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒரு பெண் அதிபராக வருவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். பிறகு பி.எஸ்.எம். சார்ள்ஸ், கலாமதி பத்மராஜா, ஜஸ்டினா முரளிதரன் என்று பெண்கள் மாவட்ட அரசாங்க அதிபர்களாக வந்து நிர்வாகம் செய்தார்கள். வினாத்தாளுக்கு ஆண் பெண் தெரியாது. ஆட்கள் கூடி ஒருவரைத் தெரிகிற இடத்தில்தான் நாங்கள் மறிபடுகிறோம். 1931-இல், ஆசியாவில் பலருக்கு முந்தி, எங்களுக்கு வாக்குரிமை வந்தது. அடுத்த வருசமே நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். 1960-இல் உலகத்தின் முதல் பெண் பிரதமர் இந்த நாட்டில்தான். இத்தனைக்கும் பிறகு 2024 நவம்பரில் மட்டக்களப்பு மாவட்டம் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய 5 பேரில் ஒரு பெண்கூட இல்லை. உள்ளூராட்சி சபைகளில் முன்னர் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் பெண்களாக இருக்கவில்லை. நூற்றுக்கு 25 என்று 2016-இல் சட்டம் போட்ட பிறகு, 2018 தேர்தலோடு ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியது. ‘ஒதுக்கீட்டில் வந்தவள்’ என்று அவர்களை இளக்காரமாகப் பேசுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். வண்ணக்கர் பட்டம் மாமனால் வந்தது, சங்கத் தலைமை குடிப்பெருமையால் வந்தது. அவையும் ஒதுக்கீடுகள்தான், பெயர் மட்டும் வேறு.

பேத்தி அதுவரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், “செயலாளரா இருந்தும் நல்லது செய்யலாம்தானே அம்மம்மா?”

செய்யலாம். நான் செய்தேன். கடிதம் எழுதி எழுதி இந்த ஊர்ப் பாடசாலைக்கு இரண்டு கட்டடம் கொண்டுவந்தேன். ஆனால் விவசாய அமைப்பில் கதிரை என்பது மரியாதைக்கு இருக்கிற ஒன்று இல்லை, தண்ணீர். சிறுபோகத்தில் குளத்து நீர் குறைந்தால் எந்த வாய்க்காலுக்கு முதலில் திறப்பது என்று வட்டவிதானையோடு பேசி முடிவு சொல்வது தலைவர். எங்கள் கண்டத்தில் கடைவாய்க்கால் பக்கம் வயல் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசி பெண்கள். புருசன் இல்லாதவர்கள், புருசன் கட்டாரில் நிற்கிறவர்கள். அவர்களுக்குத் தண்ணீர் கடைசியில், சிலவேளை கதிர் காய்ந்த பிறகு. இராத்திரியில் முறைத்தண்ணிக்குக் காவல் நிற்கப் பெண்களால் ஏலாது என்று சொல்லித்தான் அந்த முறையை வைத்திருக்கிறார்கள். பகல் முறையைக் கடைவாய்க்காலுக்குக் கொடுத்தால் என்ன? இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதாக நான் அறியவில்லை. அதே வயலில் ஆணுக்கு ஒரு நாட்கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்பதும் ஒரு கூட்டத்திலாவது பேசப்படவில்லை. அறிக்கை எழுதுகிறவளால் பேசாததை எழுத முடியாது.

“அப்ப நான் தலைவருக்குக் கேக்கட்டா? ஆம்பிளைகள் எல்லாம் என்ன சொல்லுவாங்க?”

சொல்லட்டும் என்றேன். எல்லோரும் எதிர்க்கமாட்டார்கள். நீ நினைக்கிறதைவிடக் கூடுதலான பெடியன்கள் உன் பக்கம் நிற்பார்கள், அவர்களுக்கும் அக்கா தங்கச்சி கடைவாய்க்காலில் இருக்கிறாள். ஆனால் பெண்களிடம் முதலில் போ. கூட்டத்துக்கு முன்னர் வீடு வீடாகப் போ. நாங்கள் ஒருநாளும் செய்யாதது அது. ஆண்கள் கூட்டத்துக்கு முதல் நாள் இரவே கடைவாசலில் முடிவெடுத்துவிட்டுத்தான் வருவார்கள். நாங்கள் கூட்டத்தில் போய்த்தான் விசயத்தையே கேட்போம்.

“நீங்களே என்ர பேர முன்மொழியுங்களன் அம்மம்மா.”

அங்கேதான் நான் தடுக்கி நின்றேன். எனக்கு வயல் இல்லை. இருந்ததை எல்லாம் மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வயல் இல்லாதவளுக்கு அமைப்பில் அங்கத்துவம் இல்லை. பிள்ளைகளே, இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மகளுக்குக் கொடுங்கள், அது எங்கள் முறை, நல்ல முறை. ஆனால் உறுதி முடிக்கும்போது சீவிய உரித்தை உங்களுக்கு வைத்து முடியுங்கள். வயதுபோன ஒரு பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு துண்டுக் காணி இருந்தால் அவளுடைய சொல்லுக்கு வீட்டிலும் வெளியிலும் இடம் இருக்கும். நான் அதை நினைக்காமல் கையெழுத்து வைத்தவள்.

“உன்ர அம்மாவிட்ட இன்னும் அரை ஏக்கர் இருக்கு. அவள் முன்மொழியட்டும்” என்றேன்.

மகள் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுகிற சத்தம் நின்றது. அவள் இத்தனை வருசமும் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காதவள். பின்வரிசையில் இருந்து, முடிந்ததும் கோப்பை கழுவப் போகிறவள். வாசலில் வந்து நின்றாள்.

“நான் என்னத்தச் சொல்லோணும்?”

கடைசிக் கொப்பியின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பழைய கூட்டறிக்கையில் எழுதுவதுபோல எழுதினேன். ‘தலைவர் பதவிக்கு’ என்று தொடங்கிப் பேத்தியின் பெயரை முழுதாக எழுதினேன். அடுத்த வரியில் ‘முன்மொழிபவர்’ என்று எழுதிப் புள்ளி வைத்து, அதன் பக்கத்தில் இடம் விட்டேன். ‘வழிமொழிபவர்’ என்று எழுதி அதற்கும் இடம் விட்டேன்.

மகள் கையைச் சீலையில் துடைத்தாள். பேனையை நீட்டினேன். “நீங்களே எழுதுங்களன் அம்மா, உங்கட எழுத்துத்தான் வடிவு” என்றாள். நான் பேனையை நீட்டியபடியே இருந்தேன். அவள் குந்தி, கொப்பியைத் தொடையில் வைத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். தேங்காய்ப்பூ ஒன்று தாளில் ஒட்டியிருந்தது. அதை விரலால் தட்டிவிட்டு, வழிமொழிய ஆரைக் கேட்கலாம் என்று தன் மகளிடம் விசாரிக்கத் தொடங்கினாள்.